கமக்காரரும் சிறுநீரக நோயும்

வயலில் உழைப்போருக்கு வரும் நோய்களுட் பல தம் வருகையைத் தாமே அறிவிப்பன. காய்ச்சல் உடலைச் சுடும், வயிற்றோட்டம் ஆளைப் படுக்கையில் வீழ்த்தும், காற்புண் நடக்கவிடாது. நாட்பட்ட சிறுநீரக நோய் அவ்வாறன்று. அது பற்றிய பின்னரும் பல ஆண்டுகளுக்குக் கமக்காரர் வழக்கம்போல மண்வெட்டி பிடிப்பர், வரம்பு கட்டுவர், நெல் மூடை சுமப்பர். உணவு செல்லவில்லை, உடல் இளைக்கின்றது, மூச்சு வாங்குகின்றது என்று வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் சிறுநீரகத்தின் பெரும்பகுதி மீளாதவாறு கெட்டுப்போயிருக்கும்.

இந்நாட்டின் உலர் வலயத்தில் இந்நோய் 1990 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் வைத்தியர்களின் கவனத்துக்கு வந்தது. வடமத்திய மாகாணத்திலிருந்து சிறுநீரகம் செயலிழந்த நோயாளர் மிகுதியாக வரத் தொடங்கினர். அவர்களுட் பெரும்பாலார் நெற்செய்கை பண்ணுவோர். வழக்கமாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ அவர்களிடம் காணப்படவில்லை. ஆகவே இது காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் எனப் பெயர் பெற்றது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, கிராந்துருக்கோட்டை ஆகிய பகுதிகள் பெரிதும் பாதிக்கப்பட்டவை. வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களிலும் நோயாளர் காணப்படுகின்றனர். உலக சுகாதார தாபனமும் தேசிய விஞ்ஞான மன்றமும் துணைநின்ற ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. அனுராதபுரம், பொலநறுவை, பதுளை மாவட்டங்களில் ஆராயப்பட்ட பகுதிகளில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 15 பேரளவில் நோயின் அறிகுறி உண்டென அது கண்டது. அளக்கும் முறையை மாற்றினால் இத்தொகையும் மாறும். எனினும் கிராமத்தின் உழைக்கும் தலைமுறையையே நோய் பற்றுகின்றது என்பதில் ஐயமில்லை. நோயின் தொடக்கநிலை பெண்களிடமும் பரவலாகக் காணப்பட்டது. கடுமையான நிலையை அடைந்தோருள் ஆண்களே மிகுதி.

சிறுநீர்ப் பரிசோதனை மாத்திரம் போதாது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. நாளொன்றுக்கு 180 இலீற்றர் அளவான நீர் குருதியிலிருந்து அவற்றினூடாக வடிகின்றது. ஆயினும் சிறுநீராக வெளியேறுவது 1 முதல் 2 இலீற்றர் வரையே. எஞ்சியதை, வடிகட்டிகளைத் தொடர்ந்துள்ள நுண்குழாய்கள் உறிஞ்சிக் குருதிக்கே திருப்பிவிடுகின்றன. உடலுக்கு வேண்டிய உப்பையும் வெல்லத்தையும் மீட்பனவும் இக்குழாய்களே.

நீரிழிவு முதலிற் கெடுப்பது வடிகட்டியை. வடிகட்டி பழுதானால் குருதியிலுள்ள புரதம் சிறுநீரில் ஒழுகும், கால் வீங்கும், சிறுநீரைச் சோதித்தவுடன் குற்றம் புலனாகும். உலர் வலயத்துக் கமக்காரரின் நோயோ நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும் முதலிற் பற்றுகின்றது. ஆகையாற் புரதம் சிறிதளவே வெளியேறும். சிலரிடத்து வெளியேறாமலும் இருக்கும். "சிறுநீரைச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை" என்று மனம் ஆறுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இந்நோய்க்கு வேண்டியது குருதியிற் கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருளை அளக்கும் பரிசோதனை. அவ்வளவையும் ஆளின் வயதையும் கொண்டு சிறுநீரகம் எவ்வளவு வடிக்கின்றது என்பதை வைத்தியர் கணிப்பர். 90 உம் அதற்கு மேலும் நல்ல நிலை. 60 இற்குக் கீழ் மூன்று மாதம் நிலைத்திருந்தால் அது நாட்பட்ட நோய். 15 இற்குக் கீழ் இறங்கினால் சிறுநீரகம் செயலிழந்ததென்க. வடிக்கும் ஆற்றலிற் பாதியளவு போகும்வரை கிரியற்றினின் வழமையான எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். ஆகவே ஒருமுறை சோதித்த துண்டை எறிந்துவிடாது வைத்திருந்து, அடுத்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். நோய் கண்ட கிராமத்தில் வாழ்வோரும், குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உள்ளோரும் பெரும்போக அறுவடை முடிந்த ஓய்வுக்காலத்தில் ஆண்டுதோறும் இதனைச் செய்வித்தல் நன்று.

காரணம் பற்றிய வழக்கு

இந்நோயின் காரணம் என்னவென்று கேட்டால் இன்றும் ஒரே விடை கிடைப்பதில்லை. இது வியப்பன்று. ஐரோப்பாவில் தன்யூப்பு நதியின் கிளையாறுகளை அண்டிய கமக்காரக் கிராமங்களில் இதனை ஒத்த நோயொன்று 1950 ஆம் ஆண்டுகளிலே விவரிக்கப்பட்டது. ஒரே வீட்டில் தந்தையும் மகனும் மாள்வர். அடுத்த கிராமத்தில் ஒருவருக்கும் நோயிராது. கிணற்று நீர், உலோகம், தானியத்திற் பூக்கும் பூஞ்சணம், கிருமி எனப் பலவும் குற்றஞ்சாட்டப்பட்டன. 2007 இல் வெளியான ஆராய்ச்சியே உண்மையை உறுதியாகக் காட்டிற்று. கோதுமை வயலில் வளரும் ஒரு களையின் விதைகள் தானியத்தோடு கலந்து, மாவாகி, பாணாகி, ஆண்டுக்கணக்கில் உண்ணப்பட்டு வந்தன. அக்களை அரிசுத்தொலோக்கியா என்னும் இனத்தது. அதே இனத்து மூலிகையைக் கொண்ட மெலிவுக் குளிகைகளை உண்டு பெல்சியத்திற் பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்த செய்தி 1993 இல் வெளிவந்தது. ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் இவ்வினத்தவையே. நாட்டு மருந்து என்ற ஒரே காரணத்தால் அவற்றை அச்சமின்றி உட்கொள்ளலாகாது.

இலங்கையிற் கூறப்படும் காரணங்களும் பல. கட்மியம், ஆசனிக்கு ஆகிய உலோக நஞ்சுகள் முதலிற் சந்தேகிக்கப்பட்டன. 2013 ஆம் ஆண்டின் ஆய்வு நோயாளரின் சிறுநீரிற் கட்மியம் மிகுந்திருப்பதைக் கண்டது. ஆனாற் கிணற்று நீரைச் சோதித்தபோது இவ்வுலோகங்கள் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே இருந்தன. கட்மியம் நுண்குழாய்களைக் கெடுக்கவல்லது என்பது மெய். யப்பானிலே சின்சு ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுரங்கக் கழிவு பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டோர் அந்நஞ்சால் வருந்தியதை 1968 இல் அந்நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இங்குள்ள அளவு அத்துணைப் பெரிதன்று. எனினும் பொசுபேற்றுப் பசளையோடு சிறிதளவு கட்மியமும் மண்ணை அடைகின்றது. மண்பரிசோதனை கூறும் அளவுக்கு மேல் அதனை இடுவதால் விளைச்சல் கூடுவதில்லை. செலவும் நஞ்சுமே கூடுகின்றன.

கிளைபோசேற்று என்னும் களைநாசினி கடின நீரோடும் உலோகத்தோடும் சேர்ந்து சிறுநீரகத்தை அடைகின்றது என்ற கருத்து 2014 இல் வெளியாயிற்று. 2015 இல் அது தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அனுமதிக்கப்பட்டது. 2022 இல் தடை நீக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் சிறுநீரக நோய் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அம்முடிவு அவ்வாண்டு நவம்பரிலேயே மாற்றப்பட்டதையும், அதற்கிடையிற் பயிர் பட்ட பாட்டையும் கமக்காரர் அறிவர். நிறுவப்படாத ஒரு கருத்தின்மேல் நாடு முழுவதற்கும் விதி செய்வது இலேசான காரியமன்று. அதனால் நாசினிகள் தீங்கற்றவை என்று கொள்வதும் பிழையாகும்.

நீரைப் பற்றிய சான்று சற்று வலியது. ஊற்று நீர் குடிக்கும் கிராமங்களில் நோய் அருகியும், ஆழமற்ற கிணற்றின் கடின நீர் குடிக்கும் கிராமங்களில் மிகுந்தும் காணப்படுவது பலமுறை கூறப்பட்டுள்ளது. உலர் வலயத்துக் கிணறுகள் பலவற்றிற் புளோரைட்டு, உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லையான இலீற்றருக்கு 1.5 மில்லிகிராமைக் கடக்கின்றது. கடினத்தன்மை மாத்திரம் குற்றவாளியாயின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் நோய் பரவியிருத்தல் வேண்டும். அங்கு சுண்ணக்கல்லில் ஊறிய நீர் மிகக் கடினமானது, ஆயினும் இந்நோய் அரிது. குடாநாட்டு நீரின் கடினம் பெரும்பாலும் கல்சியத்தாலானது என்றும், நோய்ப்பகுதி நீரில் மகனீசியத்தின் பங்கும் புளோரைட்டும் மிகுதி என்றும் ஆராய்ச்சியாளர் சுட்டுகின்றனர்.

வெப்பமும் குற்றஞ்சாட்டப்படுகின்றது. எல் சல்வடோர், நிக்கராகுவா ஆகிய நாடுகளிற் கொளுத்தும் வெயிலிற் கரும்பு வெட்டும் இளைஞர் இதைப்போன்ற நோயால் மடிவது 2002 முதல் ஆய்வேடுகளில் வெளிவந்துள்ளது. நிக்கராகுவாவில் வெட்டுவோருக்கு நிழலும் ஓய்வும் நீரும் ஒழுங்காகக் கொடுத்தபின் சிறுநீரகத் தாக்கம் குறைந்ததென 2020 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இந்தியாவின் ஆந்திர மாநிலத்து உத்தானம் பகுதியிலும் இத்தகைய நோய் உண்டு. 2020 இல் ஐரோப்பிய ஆய்வாளர் இலங்கை, எல் சல்வடோர், இந்தியா, பிரான்சு ஆகிய நாட்டு நோயாளரின் சிறுநீரக இழையத்தை உருப்பெருக்கியிற் பார்த்து, நுண்குழாய்க் கலங்களில் ஒரே வகையான மாற்றத்தைக் கண்டனர். அது ஏதோ ஒரு நஞ்சைச் சுட்டுகின்றது என்பது அவர்கள் துணிபு. அம்மாற்றம் வேறு நோய்களிலும் வரக்கூடியதென மறுத்தோரும் உளர்.

இவ்வழக்கு முடியும்வரை கமக்காரர் காத்திருக்க முடியாது. மேற்கூறிய காரணங்களுள் எது மெய்யாயினும், குடிநீரையும் வெயிலையும் நஞ்சையும் பற்றிய காவல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவனவல்ல.

குடிநீர்

முதலிற் செய்ய வேண்டியது கிணற்று நீரைச் சோதிப்பித்தல். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் இதனைச் செய்விக்கலாம். நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், புளோரைட்டு நீங்காது. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சியதில் அதன் செறிவு சிறிது கூடவும் செய்யும். மண்பானையில் ஊற்றி வைத்தலும் துணியால் வடித்தலும் அவ்வாறே பயனற்றவை.

குழாய் நீர் கிடைக்கும் இடங்களில் அதனையே குடித்தல் நன்று. பல கிராமங்களில் இன்று ஆர்.ஓ. நீர் நிலையங்கள் உள்ளன. இவற்றிலுள்ள மென்சவ்வு புளோரைட்டையும் கடினத்தையும் பெரிதும் நீக்கிவிடும். சவ்வை உரிய காலத்தில் மாற்றாத நிலையத்து நீர் பெயருக்கு மாத்திரமே சுத்தமானது; ஆகவே கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, நீர் எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்பது பயனாளர் உரிமை. நிலையத்திலிருந்து கழிவாக வெளியேறும் நீரில் உப்புகள் செறிந்திருக்கும். அதனைக் கிணற்றருகிலோ மரக்கறித் தோட்டத்திலோ விடலாகாது. குடிப்பதற்கு நல்ல நீரும் சோற்றுக்கும் தேநீருக்கும் கிணற்று நீரும் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சமைக்கும் நீரும் வயிற்றுக்கே செல்கின்றது.

மழைநீரைச் சேமித்தல் கமக்காரக் குடும்பத்துக்கு மிகவும் ஏற்றது. 1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 இலீற்றர் நீர் கிடைக்கும். 50 சதுர மீற்றர் கூரையில் வாடைமழைக் காலத்தில் 600 மில்லிமீற்றர் மழை விழுமாயின் அது 30,000 இலீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 24,000 எஞ்சும். ஐவர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 இலீற்றர் போதுமெனக் கொண்டால், 5,000 இலீற்றர்த் தாங்கி ஒன்று 200 நாளைக்குக் காணும். கோடைக்கு அது தாராளம். கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கொண்டுவரும் முதல் மழையை வெளியே விட்டுவிடல் வேண்டும். ஒளியும் நுளம்பும் புகாதவாறு தாங்கி மூடப்பட்டிருத்தல் அவசியம். இந்நீரைக் கொதிக்கவைத்துக் குடித்தல் நன்று.

வயலிலும் தோட்டத்திலும்

வயலுக்குச் செல்பவர் வீட்டிலிருந்தே நீரைக் கொண்டுசெல்லல் வேண்டும். வாய்க்காலிலும் வயலோரக் குழியிலும் அள்ளிக் குடிப்பது எலியின் சிறுநீரையும் மேல்வயலின் நாசினியையும் சேர்த்துக் குடிப்பதாகும். நாசினி வந்த கொள்கலத்தை எத்தனை முறை கழுவினாலும் அதிற் குடிநீர் வைக்கலாகாது. வெயிலில் உழைக்கும்போது தாகம் எடுக்கும்வரை பொறுக்காமல் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, அதாவது 240 மில்லிலீற்றர் அளவு நீர் குடித்தல் வேண்டும். காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையிற் கடுவேலையை நிறுத்தி நிழலில் இருத்தல் நன்று. கூலிக்கு ஆள் பிடிப்போர், ஒப்பந்த வேலை என்று இதற்கு இடங்கொடாதிருப்பது தகாது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்திற் போகுமாயின் அன்றைய வேலையை நிறுத்தி, வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

தெளிக்கும் வேலை காலையிலோ மாலையிலோ காற்று அடங்கிய வேளையில் நடைபெறல் வேண்டும். முழுக்கைச் சட்டை, நீள்காற்சட்டை, கையுறை, சப்பாத்து, முகமூடி ஆகியன இன்றித் தெளிகருவியைத் தோளில் ஏற்றலாகாது. முதுகில் நாசினி ஒழுகும் கருவியை அன்றே திருத்துதல் வேண்டும். தெளித்த கையோடு வெற்றிலை போடுவதும் பீடி பற்றவைப்பதும் நஞ்சை நேரே வாயில் இடுவனவாகும். மிளகாய், கத்தரி, வெங்காயச் செய்கையாளர் ஒரு போகத்திற் பலமுறை தெளிப்பதால் நெற்செய்கையாளரிலும் அவர்களுக்கே இக்காவல் மிகுதியாக வேண்டியது.

சேற்றில் உழைப்போரைப் பற்றும் எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைச் சில நாட்களிலேயே நிறுத்திவிடவல்லது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இக்காய்ச்சல் பரவிச் சிலர் உயிரிழந்தனர். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவத்தலும் சிறுநீர் குறைதலும் தோன்றினால், வயலில் இறங்கிய செய்தியை வைத்தியருக்குத் தாமே சொல்லல் வேண்டும். விதைப்புக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் இதற்கான தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறியலாம். கண்ணாடிவிரியன் எனப்படும் முத்திரைப்புடையனின் நஞ்சும் சிறுநீரகத்தைத் தாக்கும். கடியுண்டவரை வேறெங்கும் கொண்டு சுற்றாது நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். கடி ஆறிய பின்னரும் சில மாதம் கழித்துக் குருதியைச் சோதித்தல் தகும்.

இனி, பெரிதும் கவனியாது விடப்படுவது வலி மாத்திரை. நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டவரும் மூடை சுமந்தவரும் இடுப்பு நோவுக்குக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் வெயிலில் இறங்குவர். டைக்குளோபெனாக்கு, ஐபுபுரோபன் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைப்பன. உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் அது இருமடங்கு கேடு. நோவு தாங்கவியலாதபோது உரிய அளவில் பரசிற்றமோல் எடுப்பது இவற்றினும் பாதுகாப்பானது.

நோய் கண்டபின்

தொடக்கத்திற் கண்ட நோயை மாற்ற முடியாவிடினும் அதன் போக்கைத் தாமதப்படுத்தலாம். குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்துதல், புகையிலையை விடுதல், உப்பைக் குறைத்தல் ஆகியன இதற்குதவும். டாபாகிளிபுளோசின் என்னும் மருந்து பல வகைச் சிறுநீரக நோய்களின் வேகத்தைக் குறைப்பதாக 2020 இல் நிறுவப்பட்டது. அவ்வாய்வு சிறுநீரிற் புரதம் மிகுந்தோரிடமே நடந்தது. ஆகவே இந்நோய்க்கு அதனைக் கொடுப்பதா என்பதை வைத்தியரே துணிதல் வேண்டும்.

உணவிற் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. சிறுநீரகம் மிகத் தளர்ந்தோரின் குருதியிற் பொற்றாசியம் தேங்கி இதயத்தை நிறுத்தக்கூடும். உழைப்பாளிக்கு நன்மை தரும் இளநீரும் வாழைப்பழமும் அந்நிலையில் ஆபத்தானவை. கீரையையும் கிழங்கையும் சிறிதாக நறுக்கி, மிகுந்த நீரில் அவித்து, அந்நீரைக் கொட்டிய பின் உண்ணலாம். காமரங்கா எனவும் வழங்கும் தமரத்தங்காய் சிறுநீரக நோயாளருக்கு நஞ்சாகும். நீரிழிவுக்கு மருந்தென அதன் சாற்றை வெறுவயிற்றிற் குடித்து, நலமாக இருந்த சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டோரும் இந்நாட்டில் உளர்.

சிறுநீரகம் முற்றும் ஓய்ந்தபின் எஞ்சுவன மாற்றுச் சிறுநீரகமும் டயலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்புமே. ஒல்லாந்து நாட்டு வைத்தியர் வில்லெம் கொல்ப், உலக யுத்தத்தினிடையே 1943 இல், மரச்சட்ட உருளையில் இறைச்சிக் குழல்களுக்குப் பயன்படும் செலோபேன் குழாயைச் சுற்றி முதல் இயந்திரத்தை அமைத்தார். 1945 இலேதான் அதனால் ஒரு நோயாளி பிழைத்தார். 1960 இற்குப் பின்னரே ஒருவரை ஆண்டுக்கணக்கில் இம்முறையால் வாழவைக்க முடிந்தது. இன்று கிழமைக்கு மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணித்தியாலம், நோயாளரின் குருதி இயந்திரத்தினூடாகச் சென்று மீள்கின்றது. ஒரு தடவைக்கு 120 இலீற்றர் அளவான மிகத் தூய நீர் செலவாகும். ஆண்டொன்றில் 150 நாளுக்கு மேல் வைத்தியசாலையிலும் வழிப்பயணத்திலும் கழியும். குளத்திலிருந்து நீர் திறக்கும் நாள் அதற்காகக் காத்திராது. ஆகவே நோயாளரின் வயலை யார் பார்ப்பதென்று குடும்பமும் கமக்காரர் அமைப்பும் முன்கூட்டியே பேசிக்கொள்ளல் வேண்டும். பொலநறுவையில் 2021 இல் திறக்கப்பட்ட தேசிய சிறுநீரக வைத்தியசாலை உலர் வலயத்தோரின் பயணத்தை ஓரளவு குறைத்துள்ளது.

வயிற்றறையினுள் குழாய்வழி திரவத்தை விட்டு, நாளுக்கு நான்கு தடவையளவில் மாற்றும் முறையை வீட்டிலிருந்தே செய்யலாம். அதற்குச் சாணமும் தூசியும் கோழியும் புகாத ஓர் அறையும், சவர்க்காரமிட்டுக் கை கழுவ நல்ல நீரும் இன்றியமையாதன. குழாய் உள்ளவர் சேற்று வயலிலும் குளத்திலும் இறங்கலாகாது. இயந்திர முறைக்குச் செல்வோருக்கு, பல மாதம் முன்னரே ஒரு கையின் நாளத்தையும் நாடியையும் இணைத்துச் சிறு சத்திரசிகிச்சை செய்வர். பெரும்பாலும் அதிகம் பயன்படாத கையே தெரிவுசெய்யப்படும். அக்கையில் ஊசி ஏற்றவோ குருதியமுக்கம் அளக்கவோ விடலாகாது. பாரச் சாக்கையும் தெளிகருவியின் வாரையும் அக்கையில் மாட்டாது, மண்வெட்டியையும் மற்றத் தோளிலேயே சுமத்தல் வேண்டும்.